ஈயத்தின் எடை எவ்வளவு?

(நோர்வேயின் ஹவுகெட்டோவில் தமிழ்ப் பெற்றோரும் மாணவரும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். அதில் 118 கட்டங்கள் இருக்கின்றன. அவ்வளவையும் ஒரு மணித்தியாலத்துக்குள் அடைக்கப் பார்த்தால் உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. ஆகவே ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 82ஆம் கட்டம், ஈயம். அதற்குத் துணையாக 90ஆம் கட்டத்தில் இருக்கும் தோரியமும் வரும். இந்த இரண்டையும் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் விட்டு வந்த இலங்கைத் தீவின் கல்லும், வந்து சேர்ந்த நோர்வே நாட்டின் கல்லும் ஒரே காலத்தில் தராசில் ஏறி, இந்த அட்டவணையின் அடிப்படைக் கேள்வி ஒன்றைத் தீர்த்து வைத்திருக்கின்றன. அந்தச் செய்தி நம்மவரில் பலருக்குத் தெரியாது.

ஊரில் இரசாயனம் படித்தவர்கள் ஐதரசன், ஈலியம், இலிதியம், பெரிலியம் என்று முதல் இருபதையும் ராகம் போட்டுப் பாடமாக்கியிருப்பீர்கள். அதில் தவறில்லை, நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் இந்த அட்டவணை யாரோ வகுத்துத் தந்த பெயர்ப்பட்டியல் அல்ல. நூறு வருடத்துக்கும் மேலாக நடந்த ஒரு வழக்கின் தீர்ப்பு அது. ஒரு மூலகத்தை இந்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று எதைக்கொண்டு முடிவு செய்வது? வழக்கு அதுதான்.

முதலில் எல்லோரும் சொன்ன பதில், எடையைக்கொண்டு. 1860களில் லண்டனில் ஜோன் நியூலாந்ஸ் என்பவர் அன்றைக்குத் தெரிந்த மூலகங்களை அணு எடையின் வரிசையில் நிறுத்திப் பார்த்தார். ஒன்றிலிருந்து எண்ணினால் எட்டாவதாக வருவது முதலாவதன் குணத்தோடு இருந்தது. இங்கே கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ச ரி க ம ப த நி முடிந்து எட்டாவதாக வருவது மேல் சட்சம். நியூலாந்சும் அப்படியே, சங்கீதத்தின் பெயரையே தன் விதிக்கு வைத்தார். 1866இல் லண்டன் இரசாயனச் சங்கத்தில் அதை வாசித்தபோது, கேரி ஃபொஸ்டர் என்ற பேராசிரியர் எழுந்து, மூலகங்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்ததுண்டா என்று கேட்டாராம். சபை சிரித்திருக்கும். கேள்வியில் நையாண்டி இருந்தாலும் நியாயமும் கொஞ்சம் இருந்தது. கல்சியத்துக்கு மேலே போகப்போக நியூலாந்சின் சுரம் பிசகியது. கட்டாயப்படுத்தி ஒரே இடத்தில் இரண்டு மூலகங்களைத் திணிக்க வேண்டி வந்தது.

மூன்று வருடம் கழித்து, 1869இல், ரஷ்யாவில் மெண்டலீவ் செய்த காரியம் துணிச்சலானது. கையில் இருந்தவை 63 மூலகங்கள். குணம் பொருந்தாத இடத்தில் அவர் யாரையும் திணிக்கவில்லை, வெற்றிடம் விட்டார். இங்கே ஒருவர் வரவேண்டும், இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றார். அவர் எடையும் இவ்வளவு இருக்கும், ஒட்சைட்டும் இப்படி இருக்கும் என்று எழுதி வைத்தார். அந்த வெற்றிடங்களுக்குப் பெயர் வைக்கச் சமஸ்கிருத எண்ணான 'ஏக'வை எடுத்தார்: ஏக-அலுமினியம், ஏக-போரன், ஏக-சிலிக்கன். சில இடங்களில் எடையையே பிழையென்று சொன்னார். யுரேனியத்தின் எடை 120 அளவில் என்று புத்தகங்கள் சொன்னபோது, இல்லை, அது இரட்டிப்பாக இருக்க வேண்டும், 240 என்றார். அளந்து பார்த்தார்கள், அவர் பக்கம்தான் சரி.

ஏக-போரன் அகப்பட்டது நமக்குப் பக்கத்தில். 1879இல் சுவீடனின் உப்சாலாவில் லார்ஸ் நில்சன், இந்தப் பிரதேசத்தின் அரிய கனிமங்களைப் பிரித்து ஒரு புது மூலகத்தைக் கண்டு ஸ்கண்டியம் என்று பெயரிட்டார். மெண்டலீவ் சொன்ன எடை 44, இன்றைய அளவீடு 44.96. நில்சன் கண்டது ஏக-போரனே என்று சுட்டிக் காட்டியவர் அதே ஊரின் பெர் தியோடோர் கிளேவே. அந்த 1879இல்தான் இந்த ஹவுகெட்டோ வழியாகத் தெற்கே மொஸ்ஸுக்கும் ஹால்டனுக்கும் போகும் ரயில்பாதை திறக்கப்பட்டது. அதே வருடம் டிசெம்பர் 29இல், தெற்குக் கரையோர மண்டால் நகரில், எல்லன் கிளெடிச் என்ற பெண்குழந்தை பிறந்தது. ரயிலையும் குழந்தையையும் ஞாபகம் வைத்திருங்கள், இரண்டும் பிறகு தேவைப்படும்.

இவ்வளவு வெற்றி கண்ட அட்டவணையிலும் ஒரு முள் இருந்தது. தெலூரியத்தின் எடை 127.6. அயடீனுக்கு 126.9. எடைதான் சட்டம் என்றால் அயடீன் முன்னுக்கு வரவேண்டும். ஆனால் குணத்தைப் பார்த்தால் அயடீனின் உறவு குளோரினோடும் புரோமினோடும்; அதைத் தெலூரியத்தின் இடத்தில் வைப்பது அபத்தம். மெண்டலீவ் குணத்தின் பக்கம் நின்றார். தெலூரியத்தை நிறுத்தவர்கள் பிழைவிட்டிருப்பார்கள் என்றார். நிறுத்தார்கள், திரும்பவும் நிறுத்தார்கள், தெலூரியம் இறங்கவில்லை. 1894இல் ஆகன் கண்டுபிடிக்கப்பட்டபோது முள் இன்னும் ஆழமாகக் குத்தியது. ஆகனுக்கு 39.9, பொற்றாசியத்துக்கு 39.1. எடைப்படி வைத்தால், எதனோடும் சேராத வாயு ஒன்று, தண்ணீரில் போட்டதும் தீப்பற்றும் உலோகங்களின் நிரலில் போய் உட்காரும். எல்லோரும் இடத்தை மாற்றி வைத்துவிட்டு, ஏன் என்று சொல்ல முடியாமல் இருந்தார்கள்.

இப்போது தோரியத்துக்கு வருவோம். 1828இல் நோர்வேயின் பிரேவிக் நகருக்கருகே, லோவோயா என்ற சின்னத் தீவில், மோர்ட்டன் திரானே எஸ்மார்க் என்பவர் கறுத்த கனத்த கல்லொன்றைக் கண்டெடுத்தார். அவர் ஒரு பாதிரியார். தகப்பன் ஜென்ஸ் எஸ்மார்க், இன்று ஒஸ்லோ என்கிற அன்றைய கிறிஸ்தியானியாவின் பல்கலைக்கழகத்தில் கனிமவியல் பேராசிரியர். மகன் தகப்பனுக்கு அனுப்ப, தகப்பனுக்கும் பிடிபடாமல், அவர் ஸ்டொக்ஹோமிலிருந்த இரசாயனவியலாளர் பெர்சீலியசுக்கு அனுப்பினார். பெர்சீலியஸ் 1829இல் அதில் புது மூலகம் இருப்பதாக அறிவித்து, இடிக்கடவுள் தோரின் பெயரை வைத்தார்.

பெயர் பெரிதாக இருந்தாலும் அறுபது வருடமாக அதற்கு உருப்படியான வேலை எதுவும் கிடைக்கவில்லை. வேலை கொடுத்தவர் வியன்னாவின் அவுவர் வொன் வெல்ஸ்பாக். இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் அந்த வேலையைக் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டுப் பந்தலிலும் உஸ் என்ற சத்தத்தோடு எரிந்த பெற்றோமக்ஸ் லாம்பு! அதன் மேன்டில் ஒரு மெல்லிய வலைப்பை. புதிதாக வாங்கிக் கட்டி முதல்முறை கொளுத்தும்போது நூல் முழுதும் எரிந்துபோகும். ஆனால் பையின் உருவம் அப்படியே வெள்ளையாக நிற்கும். அதை விரலால் தொட்டால் பொடியாக உதிரும், பெரியவரிடம் அடியும் விழும். அந்த வெள்ளைக் கூடு தோரியம் ஒட்சைட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு; மிச்சம் ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டு. எண்ணெய் ஆவியின் சூட்டில் அது உருகாமல் வெண்ணொளி விடும். இப்போது பல நிறுவனங்கள் தோரியத்தை விட்டு இட்ரியத்துக்கு மாறிவிட்டன.

மேன்டில் வியாபாரம் உலகெங்கும் பெருகப் பெருகத் தோரியத்துக்கு அலைச்சல் ஏற்பட்டது. 1909இல் ஷோம்பேர்க் என்ற ஜெர்மன்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மொனசைட் என்ற தோரியக் கனிமத்தைக் கண்டு, அதன் ஊரைத் தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்னமே, 1904இல், இலங்கையின் பலாங்கொடைப் பக்கத்து ஆற்றுச் சரளையில் கறுத்த சதுரப் படிகங்களைக் கண்டெடுத்துத் தோரியனைட் என்ற புதுக் கனிமம் அறியப்படக் காரணமாக இருந்தவர் ஒரு தமிழர். ஆனந்த குமாரசுவாமி. ஆம், நடராசர் சிலையைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற அதே குமாரசுவாமிதான். கலைக்குப் போவதற்கு முன் அவர் கல்லோடு இருந்தவர். இலங்கைக் கனிம அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர். லண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கியதும் புவிச்சரிதவியலில். நம்முடைய விழா மலர்களில் அவரைக் கலாயோகி என்று எழுதிவிட்டு இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அதில் மனக்குறை உண்டு.

தோரியனைட்டில் பெரும்பங்கு தோரியம். அந்தக் கல் லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கே வேலை பழக வந்திருந்த ஜெர்மன் இளைஞர் ஒட்டோ ஹான், 1905இல் அதிலிருந்து கடும் கதிர்வீச்சுள்ள ஒரு பொருளைப் பிரித்து, புது மூலகம் என்று நினைத்து ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார். விந்தை என்னவென்றால், பிறகு வந்தவர்கள் அதைத் தோரியத்தோடு கலந்துவிட்டுத் திரும்பப் பிரிக்கப் பார்த்தார்கள். எந்த இரசாயன முறையாலும் முடியவில்லை. வெவ்வேறு வேகத்தில் அழியும் இரண்டு பொருட்கள், ஆனால் இரசாயனத்துக்கு இரண்டும் ஒன்று.

இதுபோல ஒன்றல்ல. 1913 அளவில் ஈயத்துக்கும் யுரேனியத்துக்கும் இடையில் முப்பதுக்கும் மேற்பட்ட கதிர்த்தொழிற்பாட்டுப் பொருட்கள் பெயரோடு இருந்தன. அட்டவணையில் 82இலிருந்து 92 வரை பதினொரு கட்டம்தான். முப்பது பேரை எங்கே இருத்துவது? கிளாஸ்கோவிலிருந்த பிரெடரிக் சொடி, ஒரே கட்டத்தில் பலர் இருக்கலாம் என்றார். எடை வேறு, குணம் ஒன்று. சமதானி என்று நாம் படித்தது இதைத்தான்.

சொன்னால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? நிரூபணத்தின் கணக்கை இங்கேயே செய்து பார்க்கலாம். முன்வரிசைப் பிள்ளைகள் விரலை எடுங்கள். ஓர் அணு அல்பாத் துணிக்கையை விட்டால் எடையில் 4 குறையும், கட்டத்தில் 2 பின்னுக்குப் போகும். பீற்றாவை விட்டால் எடை மாறாது, கட்டத்தில் 1 முன்னுக்குப் போகும். தோரியம் 90ஆம் கட்டம், எடை 232. அது வழிநெடுக ஆறு அல்பாவும் நாலு பீற்றாவும் விடுகிறது. 232இல் 24 போனால் 208. 90இல் 12 போய் 4 வந்தால் 82. யுரேனியம் 92ஆம் கட்டம், எடை 238. எட்டு அல்பா, ஆறு பீற்றா. 238இல் 32 போனால் 206. 92இல் 16 போய் 6 வந்தால், அதுவும் 82. இரண்டு பாதையும் ஈயத்தில் முடிகின்றன. சொடி சொன்னது சரியென்றால், தோரியக் கல்லில் விளைந்த ஈயம் சாதாரண ஈயத்தைவிடக் கனமாகவும், யுரேனியக் கல்லில் விளைந்த ஈயம் இலேசாகவும் இருக்க வேண்டும். சாதாரண ஈயத்தின் எடை 207.2.

தோரியக் கல் வேண்டும் என்று சொடி தேடியபோது கிடைத்தது இலங்கையின் தோரைட் என்ற தோரியக் கனிமம். அதிலிருந்து பிரித்த ஈயத்தின் அடர்த்தி சாதாரண ஈயத்தைவிட நூற்றுக்கு 0.26 கூடுதல். அதன் அணு எடையை ஹோனிக்ஷ்மிட் என்ற இரசாயனவியலாளர் அளந்தபோது வந்தது 207.77.

யுரேனியப் பக்கத்துக்குக் கல் கொடுத்தது நோர்வே. மொஸ் நகரைச் சுற்றியுள்ள பெல்ஸ்பார் குழிகளில் பிரொக்கரைட் என்ற யுரேனியக் கனிமம் கிடைத்தது. கிறிஸ்தியானியாவின் புவிச்சரிதவியலாளர் பிரொக்கரின் பெயர் அதற்கு. நீங்கள் தினமும் ஏறும் ரயில்பாதையின் மறுகோடிக்குப் போகும் வழியில்தான் அந்த ஊர். ஆரெண்டால் பக்கத்தில் கிளீவைட் என்ற இன்னொரு யுரேனியக் கனிமம் கிடைத்தது. ராம்சே 1895இல் பூமியில் முதன்முதல் ஈலியத்தைப் பிரித்ததும் இந்தக் கிளீவைட்டிலிருந்துதான். இப்போது எல்லன் கிளெடிச்சைக் கூப்பிடுவோம். மருந்தகத்தில் வேலை பழகித் தொடங்கியவர், 1907இல் பாரிசுக்குப் போய் மேரி கியூரியிடம் ஐந்து வருடம் வேலை செய்தார். பிறகு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ரேடியத்தின் அரைவாழ்வுக் காலத்தை அளந்தார். நோர்வேக் கனிமங்களை நேர்த்தியாகத் தெரிந்து பிரித்து, ஹார்வர்டில் உலகத்திலேயே நுட்பமான தராசு வைத்திருந்த தியோடோர் ரிச்சர்ட்சுக்குக் கொடுத்தவர் அவர். கிளீவைட் ஈயத்தின் எடை 206.08.

நோர்வே ஈயம் 206.08. இலங்கை ஈயம் 207.77. இரண்டுக்கும் நடுவில் சந்தையில் விற்கும் ஈயம். மூன்றையும் கலந்துவிட்டால் எந்த அமிலத்தாலும் பிரிக்க முடியாது. மூன்றும் அசல் ஈயம், மூன்றுக்கும் 82ஆம் கட்டம்தான். எடைதான் முகவரி என்ற நம்பிக்கை அன்றோடு முடிந்தது. கிளெடிச் இன்னொன்றும் செய்து பார்த்தார். பாம்ப்ளே என்ற இடத்துப் பழம்பாறையிலுள்ள அபற்றைட் என்ற கனிமத்திலிருந்து குளோரினைப் பிரித்து, கடலுப்புக் குளோரினோடு ஒப்பிட்டார். எடையில் வித்தியாசமே இல்லை. குளோரின் வேறொன்று அழிந்து விளைவதல்ல, ஆகவே ஊருக்கு ஊர் மாறாது. 1929இல் அவர் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், இந்த நாட்டின் இரண்டாவது பெண் பேராசிரியர்.

எடை இல்லையென்றால் முகவரி எது? சொடி சமதானியைச் சொன்ன அதே 1913இல் இங்கிலாந்தில் ஹென்றி மோஸ்லி, ஒவ்வொரு மூலகத்திலும் எழும் எக்ஸ்-கதிரை அளந்தபோது, அது கட்டத்துக்குக் கட்டம் ஒரே ஒழுங்கில் ஏறுவதைக் கண்டார். ஏறுவது கருவிலுள்ள நேரேற்றம், அதாவது புரோத்தன்களின் எண்ணிக்கை. ஆகன் 18, பொற்றாசியம் 19. தெலூரியம் 52, அயடீன் 53. முள் தானாக வெளியே வந்துவிட்டது. தோரியத்துக்குத் தெரியாமல் அதற்கும் இந்த வில்லங்கம் இருந்தது: 90ஆம் கட்டத்துத் தோரியம் 232.04, 91ஆம் கட்டத்துப் புரொட்டக்டினியம் 231.04. மோஸ்லி 1915 ஓகஸ்டில் கலிப்பொலிப் போர்முனையில் இறந்தபோது வயது 27.

புரோத்தன் எண்ணிக்கை இடத்தைத் தீர்மானிக்கிறது. அதே எண்ணிக்கையில் இலத்திரன்கள் வெளியே ஓடுகளில் நிற்கின்றன. கடைசி ஓட்டில் எத்தனை என்பது குணத்தைத் தீர்மானிக்கிறது. ஒன்று மட்டும் மிஞ்சினால் அதைத் தள்ளிவிடத் துடிக்கும் சோடியம். ஒன்று குறைந்தால் பறிக்கத் துடிக்கும் குளோரின். நிறைந்திருந்தால் யாரையும் நாடாத ஆகன். நியூத்திரன் கூடினாலும் குறைந்தாலும் எடைதான் மாறும், இந்தக் குணம் மாறாது. ஒரு நிரலில் மேலிருந்து கீழ் வரை உள்ளவர்கள் ஒரு குடும்பம் என்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இதை உங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் பரீட்சித்துப் பார்க்கலாம். ஒஸ்லோவைச் சுற்றிப் பல இடங்களில் அலுன்ஷிஃபர் என்ற கறுத்த பாறை யுரேனியத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. யுரேனியம் ஈயமாகும் வழியில் 86ஆம் கட்டத்தைத் தொடுகிறது. அதுதான் ரேடன். ரேடன் ஆகனின் நிரலைச் சேர்ந்தது, எதனோடும் ஒட்டாது. ஒட்டாததால் பாறையில் தங்காமல் வெடிப்பு வழியாக வீட்டுக்குள் ஏறுகிறது. அரைவாழ்வு 3.8 நாள், ஏறி வர நேரம் இருக்கிறது. சுவாசப்பைக்குள் போய் அழிந்தால் அடுத்த கட்டம் பொலோனியம். அது திண்மம், ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்தே கதிர் வீசும். தோரியத்தின் பாதையிலும் 86ஆம் கட்டம் வருகிறது. ஆனால் அந்தச் சமதானியின் அரைவாழ்வு ஒரு நிமிடத்துக்கும் குறைவு, அது நிலத்தை விட்டு வருமுன் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே கவலை யுரேனிய வழி ரேடனைப் பற்றித்தான். நோர்வேயில் கன மீற்றருக்கு 100 பெக்கரல் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 200 உச்ச வரம்பு. வாடகை வீடுகளுக்கு இது 2014 முதல் சட்டம். ஒக்ரோபர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் இரண்டு மாதம் அளவி வைத்தால் தெரிந்துவிடும். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் அந்தப் பெறுபேற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தோரியத்துக்கு ஒரு இடமாற்றமும் நடந்தது. 1945 வரை அதைச் சேர்கோனியத்தின் நிரலில் கீழே வைத்திருந்தார்கள். யுரேனியத்துக்கு அப்பாலுள்ள மூலகங்களைச் செய்த சீபோர்க், அக்டினியத்திலிருந்து வரும் மூலகங்களைத் தனி நிரையாகப் பிரிக்க வேண்டும் என்றார். அட்டவணையின் அடியில் தனியாகக் கிடக்கும் இரண்டு வரிசைகளில் கீழ் வரிசை அது. தோரியத்தின் 90 என்ற இலக்கம் அப்படியே இருந்தது.

பிள்ளைகளின் புத்தகங்களில் ஈயத்துக்கு இன்றும் 207.2 என்ற ஒற்றை எண்ணே இருக்கும். ஆனால் மூலகங்களின் எடையைத் தீர்மானிக்கும் சர்வதேச ஆணைக்குழு அந்த ஒற்றை எண்ணைக் கைவிட்டுவிட்டது. கல்லுக்குக் கல் ஈயத்தின் எடை மாறும் விதத்தை விரிவாகத் தொகுத்த அதன் அறிக்கை 2021இல் வெளியானது. இப்போதைய அதிகாரபூர்வ எடை 206.14 முதல் 207.94 வரை என்ற வீச்சு. இன்றிரவு வீட்டுக்குப் போய், பாடமாக்கச் சொல்வதற்கு முன், பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 118 கட்டங்களில் பலவற்றில் எடை ஒற்றை எண்ணாக நிற்கும்போது, 82ஆம் கட்டத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அகலமான இடைவெளி? பதில் தெரியாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொய்யனிலுள்ள இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குக் கூட்டிப் போய், பிரொக்கர் இல்லத்தில் நோர்வேக் கனிமங்களைக் காட்டுங்கள். குமாரசுவாமியின் பெயரையும் அங்கே நின்று சொல்லிக் கொடுங்கள்.